கருப்பை வாய் உறைநிலைச் சிகிச்சை (கிரையோதெரபி): பெண்களும் குடும்பத்தினரும் அறிந்துகொள்ள வேண்டியவை

கருப்பை வாய்ப் பரிசோதனையில் "மாற்றம் உள்ளது, உறைநிலைச் சிகிச்சை செய்ய வேண்டும்" என்று மருத்துவர் கூறியதும் பெரும்பாலான பெண்களின் மனத்தில் முதலில் எழுவது அச்சமே. புற்றுநோய் வந்துவிட்டதோ, கருப்பையை அகற்றிவிடுவார்களோ, குழந்தை பெற இயலாமல் போகுமோ என்ற ஐயங்கள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. இந்த அச்சத்தினாலேயே சிலர் மருத்துவமனைக்கு மீண்டும் வருவதில்லை. உண்மையில் உறைநிலைச் சிகிச்சை என்பது புற்றுநோய்க்கான சிகிச்சை அன்று. புற்றுநோய் வராமல் தடுப்பதற்கான சிகிச்சை. மயக்க மருந்தோ தையலோ இன்றிச் சுமார் 15 நிமிடங்களில் முடிந்துவிடும். சிகிச்சை முடிந்த அன்றே வீடு திரும்பலாம். இதனைப் பற்றிய முழு விவரங்களும் இங்கே விளக்கப்படுகின்றன.

கருப்பை வாய் என்பது எது?

கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகி, பிறப்புறுப்புக் குழாயின் மேற்புறத்தில் திறக்கும் இடமே கருப்பை வாய். மாதவிடாய்க் குருதி வெளியேறுவதும், மகப்பேற்றின்போது விரிந்து குழந்தைக்கு வழிவிடுவதும் இப்பகுதியே. இதன் வெளிப்புறத்தைத் தட்டையான உயிரணுக்களும், உட்புறக் கால்வாயைத் தூண் வடிவ உயிரணுக்களும் மூடியுள்ளன. இவ்விரண்டும் சந்திக்கும் வளையம் போன்ற பகுதியை மாற்ற மண்டலம் என்பர். பருவமடைதல், கருத்தரித்தல் ஆகிய காலங்களில் இங்குள்ள உயிரணுக்கள் இயல்பாகவே ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுகின்றன. எனவே நோய்க்கிருமிகளால் எளிதில் பாதிக்கப்படும் இடமும் இதுவே.

மாற்றம் ஏன் ஏற்படுகிறது?

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் அதற்கு முந்தைய மாற்றங்களுக்கும் முதன்மைக் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ் (எச்.பி.வி.) என்னும் கிருமி. இத்தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கிருமியில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள் 16, 18 ஆகிய இரு வகைகளே உலகில் ஏற்படும் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டிற்குக் காரணமாகின்றன.

உடலுறவின் வழியே பரவும் இக்கிருமி மிகவும் பரவலானது. மண வாழ்வில் உள்ள பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்நாளில் ஒரு முறையேனும் இத்தொற்று ஏற்படுகிறது. பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளுக்குள் கிருமியைத் தானாகவே வென்றுவிடுகிறது. ஒரு சிலருக்கு மட்டும் அது பல ஆண்டுகள் நிலைத்திருந்து உயிரணுக்களில் மாற்றத்தை உண்டாக்குகிறது. ஆகவே பரிசோதனையில் மாற்றம் தெரிந்தால் அதனை யாருடைய ஒழுக்கத்தோடும் இணைத்துப் பேசுதல் தவறு. எந்த ஆண்டில், யாரிடமிருந்து தொற்று வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் கூற இயலாது.

மாற்றம் என்றால் புற்றுநோயா?

இல்லை. உயிரணு மாற்றங்களை மருத்துவர்கள் சி.ஐ.என். 1, 2, 3 என மூன்று நிலைகளாகப் பிரிக்கின்றனர்.

• சி.ஐ.என். 1: மேற்பரப்பின் அடிப்பகுதியில் மட்டும் காணப்படும் லேசான மாற்றம். பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். பொதுவாகத் தொடர் கண்காணிப்பே போதுமானது.
• சி.ஐ.என். 2: நடுத்தர மாற்றம். பெரும்பாலானோருக்குச் சிகிச்சை தேவைப்படும்.
• சி.ஐ.என். 3: மேற்பரப்பின் பெரும்பகுதியிலும் பரவிய தீவிர மாற்றம். கட்டாயம் சிகிச்சை பெற வேண்டும்.

இந்த மூன்று நிலைகளிலும் மாற்றம் மேற்பரப்பைத் தாண்டி ஆழமாக ஊடுருவியிருப்பதில்லை. ஊடுருவினால்தான் அது புற்றுநோய். நோய் எதிர்ப்பு ஆற்றல் இயல்பாக உள்ள பெண்ணுக்குத் தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இந்த நீண்ட இடைவெளியே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. எனினும் அதனைக் கவனியாமல் விடலாகாது. சி.ஐ.என். 3 நிலையில் போதிய சிகிச்சையின்றி விடப்பட்ட பெண்களின் பழைய பதிவேடுகளை நியூசிலாந்தில் ஆராய்ந்தபோது, அவர்களுள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் உருவானது தெரியவந்தது.

மாற்றம் எவ்வாறு கண்டறியப்படுகிறது?

இம்மாற்றங்களால் வலியோ இரத்தப்போக்கோ பெரும்பாலும் ஏற்படுவதில்லை. "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே" என்பது பரிசோதனையைத் தவிர்ப்பதற்குரிய காரணமாகாது. இந்தியாவில் 30 முதல் 65 வயது வரையிலான பெண்கள் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பரவலாகச் செய்யப்படுவது வி.ஐ.ஏ. பரிசோதனை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்க்கும்போது, மாற்றமடைந்த பகுதி வெண்மையாகத் தெரியும். சமையலறை வினிகரில் உள்ளதும் இந்த அமிலமே, இதனால் தீங்கில்லை. உயிரணுக்களைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் ஆராயும் பாப் பரிசோதனை, கிருமியையே கண்டறியும் எச்.பி.வி. பரிசோதனை ஆகியவையும் உள்ளன. ஐயம் ஏற்பட்டால் கோல்போஸ்கோப் என்னும் உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, தேவையெனில் சிறு துணுக்குத் திசு எடுத்து ஆய்வுக்கு அனுப்புவர்.

வெண்மையாகத் தெரிந்தவை அனைத்தும் தீவிர மாற்றங்கள் அல்ல என்பதையும் நினைவில் கொள்க. அழற்சியினாலும் அவ்வாறு தெரியக்கூடும். அதேபோல், "கருப்பை வாயில் புண்" என்று சொல்லப்படும் சிவந்த பகுதி பல பெண்களுக்கு இயல்பானதே. அதற்கெல்லாம் உறைய வைக்கும் சிகிச்சை தேவையில்லை. எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் தமக்குச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது என்று மருத்துவரிடம் கேட்டறிவது உங்கள் உரிமை.

குளிர் எவ்வாறு குணப்படுத்துகிறது?

கிரையோதெரபியில் நைட்ரஸ் ஆக்சைடு அல்லது கார்பன் டை ஆக்சைடு வாயு உருளையிலிருந்து ஒரு கைக்கருவிக்குச் செலுத்தப்படுகிறது. அழுத்தத்தில் அடைபட்ட வாயு விரிவடையும்போது கடுங்குளிர் உண்டாகிறது. அதனால் கருவியின் வட்ட வடிவ உலோக முனை நைட்ரஸ் ஆக்சைடாயின் ஏறத்தாழ மைனஸ் 89 டிகிரி செல்சியஸ் வரையிலும், கார்பன் டை ஆக்சைடாயின் ஏறத்தாழ மைனஸ் 68 டிகிரி வரையிலும் குளிர்கிறது. அம்முனையைக் கருப்பை வாயில் பொருத்தும்போது அங்குள்ள திசு உறைந்து பனிக்கட்டியாகிறது.

உறையும்போது உயிரணுக்களுக்குள் பனிப் படிகங்கள் உருவாகி அவற்றைச் சிதைக்கின்றன. அப்பகுதிக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்ணிய குழாய்களும் அடைபடுகின்றன. மைனஸ் 20 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்த திசு பிழைப்பதில்லை. உறைதலைப் போலவே மீண்டும் உருகுதலும் உயிரணுக்களை அழிக்கிறது. ஆதலால் 3 நிமிடம் உறைய வைத்து, 5 நிமிடம் உருகவிட்டு, மீண்டும் 3 நிமிடம் உறைய வைப்பது வழக்கம். மாற்றங்கள் பொதுவாகச் சில மில்லிமீட்டர் ஆழத்திற்குள்ளேயே இருப்பதால் சுமார் 5 மில்லிமீட்டர் ஆழம் வரை உறைந்தால் போதுமானது. அழிந்த திசு அடுத்த சில வாரங்களில் கசிவாக வெளியேறி, அவ்விடத்தில் புதிய நலமான திசு வளர்கிறது.

இச்சிகிச்சை யாருக்கு ஏற்றது?

• மாற்றமடைந்த பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உட்புறக் கால்வாய்க்குள் பரவியிருத்தல் கூடாது.
• அப்பகுதி கருப்பை வாயின் வெளிப்பரப்பில் முக்கால் பங்கிற்கு மிகாமலும், கருவி முனையால் முழுமையாக மூடத்தக்கதாகவும் இருக்க வேண்டும்.
• புற்றுநோய் என்ற ஐயம் சிறிதும் இருத்தல் கூடாது.

கருவுற்றிருக்கும்போது இச்சிகிச்சை செய்யப்படுவதில்லை. மகப்பேற்றுக்குப் பின் சில வாரங்கள் கழித்துச் செய்யலாம். மாதவிடாய் நாள்களிலும் தவிர்க்கப்படும். பிறப்புறுப்பில் தொற்று இருப்பின் அதற்கான மருந்து முதலில் தரப்படும். காப்பர்-டி பொருத்தியிருப்பது தடையன்று. ஆனால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மாற்ற மண்டலம் உட்புறமாகச் சென்றுவிடுவதால் இச்சிகிச்சை பலருக்குப் பொருந்துவதில்லை. இது பொருந்தாதவர்களுக்கு லீப் என்னும் முறையில், மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் மாற்றமடைந்த பகுதி மட்டும் அகற்றப்படும். அகற்றிய திசுவை ஆய்வுக்கு அனுப்ப முடிவது இம்முறையின் நன்மை. சில மையங்களில் குளிருக்கு மாற்றாக, 100 டிகிரி செல்சியஸ் அளவில் சூடேற்றிய முனையால் மிகக் குறுகிய நேரத்தில் முடிக்கும் வெப்பச் சிகிச்சையும் அளிக்கப்படுகிறது. உங்களுக்கு எது ஏற்றது என்பதை மாற்றத்தின் அளவும் இடமுமே தீர்மானிக்கின்றன.

சிகிச்சை நாளில் என்ன நடக்கும்?

வெறும் வயிற்றுடன் வரத் தேவையில்லை. வழக்கம்போல் உணவருந்தி வரலாம். முந்தைய பரிசோதனைச் சீட்டுகள், நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளின் விவரம், கடைசி மாதவிடாய்த் தேதி ஆகியவற்றைக் கொண்டு வருக. மாற்றிக்கொள்ள ஒரு நாப்கினும் தேவைப்படும். சிகிச்சைக்கு முன் மருத்துவர் விளக்கமளித்து உங்கள் ஒப்புதலைப் பெறுவார்.

வி.ஐ.ஏ. பரிசோதனையின்போது படுத்ததைப் போன்றே படுக்க வேண்டும். ஸ்பெகுலம் பொருத்தி, கருவியின் முனையைக் கருப்பை வாயில் வைத்து வாயுவைத் திறப்பர். அப்போது சீறல் போன்ற ஒலி கேட்கும்; அஞ்ச வேண்டாம். மாதவிடாய் வலி போன்ற பிடிப்பு அடிவயிற்றில் தோன்றலாம். தேவையெனில் முன்கூட்டியே வலி நிவாரண மாத்திரை தரப்படும். சிலருக்கு முகம் சூடாவது போன்ற உணர்வோ லேசான தலைச்சுற்றலோ ஏற்படும். மெதுவாக மூச்சை இழுத்து விட்டால் தணியும். சிகிச்சை முடிந்ததும் உடனே எழுந்து நடக்காமல், சிறிது நேரம் படுத்து ஓய்வெடுத்த பின் செல்வது நல்லது. வலி பொறுக்க இயலாததாக இருந்தால் உடனே சொல்லுங்கள். செவிலியர் உங்கள் அருகிலேயே இருப்பார்.

அடுத்த நான்கு முதல் ஆறு வாரங்கள்

பெண்களை மிகவும் கலங்கவைப்பது சிகிச்சைக்குப் பின் வரும் நீர்க்கசிவே. முன்னரே அறியாதவர்கள் "சிகிச்சை தவறாகிவிட்டது" என எண்ணிவிடுகின்றனர். தண்ணீர் போன்ற கசிவு 4 முதல் 6 வாரங்கள் வரை இருப்பது இயல்பு. இடையிடையே சிறிது இரத்தம் கலந்தும் வரலாம். உறைந்து அழிந்த திசு வெளியேறுவதன் அடையாளமே அது.

• நாப்கின் அல்லது துவைத்து வெயிலில் உலர்த்திய தூய பருத்தித் துணி பயன்படுத்துங்கள், நனைந்ததும் மாற்றுங்கள்.
• 4 வாரங்கள் உடலுறவைத் தவிர்க்கவும். புண் ஆறும் வரை கிருமித் தொற்று எளிதில் ஏற்படும் என்பதே காரணம். தவிர்க்க இயலாத நிலையில் ஆணுறை கட்டாயம்.
• பிறப்புறுப்பினுள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுதல், மருந்து அல்லது நாட்டு மருந்து வைத்தல், டாம்பூன், மாதவிடாய்க் கிண்ணம் ஆகியவை கூடாது.
• நாள்தோறும் குளிக்கலாம். கசிவு நிற்கும் வரை குளம், ஆறு, நீச்சல் குளம் ஆகியவற்றில் இறங்கி நீந்துவதைத் தவிர்ப்பது நல்லது.
• உணவில் எவ்விதப் பத்தியமும் தேவையில்லை. இயல்பான வேலைகளைச் செய்யலாம்.

பின்வரும் அறிகுறிகளுள் ஏதேனும் தோன்றினால் மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்:

• 38 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம்
• குறையாத கடுமையான அடிவயிற்று வலி
• துர்நாற்றத்துடன் அல்லது சீழ் போன்று வரும் கசிவு
• வழக்கமான மாதவிடாயின் அதிகப் போக்கு நாளைவிட மிகுதியாக, இரண்டு நாள்களுக்கு மேல் தொடரும் அல்லது கட்டிகளாக வரும் இரத்தப்போக்கு

இத்தகைய சிக்கல்கள் அரிதானவை. தொடக்கத்திலேயே வந்தால் எளிதில் சரிசெய்யக்கூடியவை.

குணமாகும் வாய்ப்பு எவ்வளவு?

தகுந்தவர்களுக்கு முறைப்படி செய்யப்பட்டால் 100 பேரில் சுமார் 85 முதல் 90 பேருக்கு ஒரே முறையில் மாற்றம் மறைந்துவிடுகிறது. எஞ்சியோருக்கு மறுசிகிச்சை தேவைப்படலாம். யார் அந்த எஞ்சியோர் என்பதை உடலின் அறிகுறிகளைக் கொண்டு அறிய முடியாது. ஆகவே ஓர் ஆண்டு கழித்துச் செய்யும் மறுபரிசோதனை சிகிச்சையின் ஒரு பகுதியே. கசிவு நின்று உடல் நலமாக இருக்கிறது என்பதற்காக அதனைத் தவறவிடாதீர்கள். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் பெண்களுக்கு மாற்றம் மீண்டும் தோன்றும் வாய்ப்பு கூடுதல் என்பதால் அவர்களுக்குத் தொடர் கண்காணிப்பு மேலும் இன்றியமையாதது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"குழந்தை பெற்றாகிவிட்டது, கருப்பையையே எடுத்துவிட்டால் என்ன?"

புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இது. சில மில்லிமீட்டர் ஆழமுள்ள மாற்றத்திற்காகக் கருப்பையை அகற்றுவது தேவையற்ற பெரிய அறுவைச் சிகிச்சை. மயக்க மருந்து, இரத்த இழப்பு, நீண்ட ஓய்வு, சிறுநீர்ப்பை போன்ற அண்டை உறுப்புகளுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு ஆகியவை அதில் உண்டு. மேலும், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் கருப்பையை அகற்றிய பின் உள்ளே புற்றுநோய் இருந்தது தெரியவந்தால், அதற்கான முறையான சிகிச்சை சிக்கலாகிவிடும். கருப்பையை அகற்றுமாறு யாரேனும் கூறினால், திசு ஆய்வின் முடிவு என்ன என்று கேளுங்கள். வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துப் பெறவும் தயங்க வேண்டாம்.

"இனிமேல் கருத்தரிக்க முடியுமா?"

முடியும். இச்சிகிச்சை கருப்பையையோ சினைப்பையையோ தொடுவதில்லை. கருப்பை வாய் குறுகுதல் மிக அரிதாகவே ஏற்படும். கருவுற்றதும், முன்பு இச்சிகிச்சை பெற்றதை மகப்பேறு மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

"எச்.பி.வி. தடுப்பூசி போட்டால் சிகிச்சை தேவைப்படாதா?"

தடுப்பூசி புதிய தொற்றைத் தடுக்கும். ஏற்கெனவே ஏற்பட்ட மாற்றத்தைக் குணப்படுத்தாது. 9 முதல் 14 வயதுக்குள், தொற்று ஏற்படும் முன்னரே போடுவது மிகுந்த பயன் தரும். எனவே தாய்க்குப் பரிசோதனை, மகளுக்குத் தடுப்பூசி என இரண்டும் தேவை.

குடும்பத்தினருக்கு

இச்சிகிச்சை பெற்ற பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது பழிச்சொல் இல்லாத சூழல். கணவர் இந்த 4 வாரக் கட்டுப்பாட்டின் காரணத்தை அறிந்து ஒத்துழைத்தால் புண் விரைவில் ஆறும். இயலுமெனில் சிகிச்சை நாளில் உடன் வாருங்கள். தினக்கூலிக்குச் செல்லும் பெண்கள் ஒரு நாள் வருமானத்தை இழக்க அஞ்சியே மறுபரிசோதனையைத் தள்ளிப்போடுகின்றனர். அந்த ஒரு நாளை அவர்களுக்கு உறுதி செய்து தருவது குடும்பத்தின் கடமை. மறுபரிசோதனைத் தேதியை வீட்டு நாட்காட்டியில் இன்றே குறித்து வையுங்கள்.

தள்ளிப்போடாதீர்

தமிழ்நாட்டுப் பெண்களே இச்சிகிச்சையின் பயனுக்குச் சான்றாக உள்ளனர். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில் 31,343 பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் வி.ஐ.ஏ. பரிசோதனை செய்தனர், தகுந்தவர்களுக்கு அதே வருகையின்போது உறைநிலைச் சிகிச்சையும் அளித்தனர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில், அழைக்கப்படாத பகுதிகளை ஒப்பிடுகையில், கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007இல் முடிவு வெளியாயிற்று.

அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டுகிறது. மாற்றம் கண்டறியப்பட்ட 1,874 பெண்களுள் 72 விழுக்காட்டினரே சிகிச்சை பெற்றனர். நோய் கண்டறியப்பட்டும் நூற்றில் 28 பேர் சிகிச்சையின்றி இருந்தனர். பரிசோதனை மட்டும் யாரையும் காப்பாற்றுவதில்லை. அதற்கடுத்த சிகிச்சையே காப்பாற்றுகிறது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இப்புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் உயிரிழந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுள் பலரைக் காத்திருக்க முடியும்.

உங்கள் கையில் "மாற்றம் உள்ளது" என்று எழுதப்பட்ட சீட்டு இருக்குமானால், அதனை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அது வழங்கப்பட்ட மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எங்கு செல்வது என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதியின் கிராம அல்லது நகர்ப்புற சுகாதார செவிலியரைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்தும் வழிகாட்டுதல் பெறலாம். இக்கட்டுரை பொதுவான தகவலுக்கானது. உங்களுக்குரிய சிகிச்சையை உங்களைப் பரிசோதித்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.